கொழும்பில் இருந்து தனியாக மென்பொருள் செய்வதும் அடிக்கடி வெளிநாடு போவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக அப் அல்லது இணையச் சேவை நடத்திக்கொண்டோ ஒப்பந்த வேலை செய்துகொண்டோ, வருடத்தில் பல தடவை கட்டுநாயக்க வழியாகப் போய்வருபவர்களுக்காக எழுதியது. நிரந்தரமாக வெளியே குடியேறுபவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. பயணத்தில் வேலை குழம்பினால் நேரம் போதவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நோண்டிப் பார்த்தால் ஓடிபி வருகிற ஒரே சிம், சாவிக் கோப்பு இருக்கிற ஒரே லப்டொப், காசு வருகிற ஒரே கணக்கு என்று ஏதோ ஒன்றில் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்திருக்கும். கீழே உள்ள பதில்கள் பலவும் அந்தத் தொங்கலை அவிழ்ப்பதைப் பற்றியவை.

விமானம் ஏறுவதற்கு எத்தனை நாள் முன்பு வரை புதிய வெர்ஷன் வெளியிடலாம்?

குறைந்தது பத்து நாள். காரணம் இதுதான். அப்பிள் அப் ஸ்டோரில் படிப்படியான வெளியீட்டைத் தெரிவு செய்தால், தானாக அப்டேட் ஆகும் போன்களுக்கு ஏழு நாளில் முறையே 1, 2, 5, 10, 20, 50, 100 வீதம் என்று போய்ச் சேரும். முதல் நான்கு நாளும் சத்தமே இருக்காது. ஐந்தாம் நாள் 20 வீதம், ஆறாம் நாள் ஒரேயடியாக 50. பழைய ஐபோன்களில் மட்டும் விழுகிற கோளாறு, சேர்வரில் திடீரென ஏறும் சுமை எல்லாம் அந்த ஐந்தாம், ஆறாம் நாளில்தான் தலைகாட்டும். திங்கட்கிழமை தொடங்கினால் அது வெள்ளியும் சனியும். சனி இரவு விமானம் என்றால், முறைப்பாடு குவிகிற நேரத்தில் நீங்கள் பாதுகாப்புச் சோதனை வரிசையில் பெல்டைக் கழற்றிக்கொண்டு நிற்பீர்கள்.

நடுவில் நிறுத்திவைக்கலாம், மொத்தம் 30 நாள் வரை அப்பிள் விடுகிறது. ஆனால் நிறுத்தினாலும் ஸ்டோருக்குப் போய்த் தானே அப்டேட் அழுத்துகிறவருக்குப் புதியதுதான் கிடைக்கும். பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் பொத்தான் அங்கே இல்லை. பழைய கோட்டை புது இலக்கத்தோடு கட்டி, மறுபடி மதிப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும். அதனால் ஆபத்தான புதிய அம்சத்தை சேர்வரில் இருந்தே அணைக்கக்கூடிய ஒரு சுவிட்சின் பின்னால் வையுங்கள். அந்தச் சுவிட்சை போன் பிரவுசரில் இருந்து அணைக்க முடிகிறதா என்று வீட்டிலேயே ஒரு தடவை அணைத்துப் பாருங்கள்.

கூகுள் பிளேயில் வீதத்தை நீங்களே தீர்மானிக்கலாம் என்பதால் கொஞ்சம் இலகு. ஆனால் 2023 நவம்பர் 13க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால், முதல் தடவை அப்பைப் பொதுவில் விட 12 பேர் தொடர்ச்சியாக 14 நாள் பரிசோதித்திருக்க வேண்டும். இந்த இரண்டு வாரத்தைக் கணக்கில் எடுக்காமல் "போவதற்கு முன் பிளேயில் போட்டுவிடுவேன்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றுவது, சேர்வர் இடம் மாற்றுவது, கட்டணச் சேவையை மாற்றுவது ஆகிய மூன்றும் திரும்பி வந்த பிறகு.

பயணத்தில் உண்மையில் எவ்வளவு வேலை முடியும்?

நினைப்பதில் பாதிக்கும் குறைவு. போகிற நாள், வருகிற நாள் இரண்டும் பூச்சியம். நீண்ட பயணம் என்றால் இறங்கிய மறுநாளும் பூச்சியம். மிச்ச நாட்களில் ஆழ்ந்து செய்யும் வேலைக்கு நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்று போடுங்கள். பத்து நாள் பயணத்தில் 21 மணித்தியாலம் வரும். கிளையன்டிடம் விலை சொல்லும்போது இந்த 21ஐ வைத்துச் சொல்லுங்கள். "பிளேனில் எழுதிவிடுவேன்" என்பதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்; எக்கொனமி இருக்கையில் முன்னால் இருப்பவர் சாய்ந்தால் லப்டொப் மூடி பாதிதான் திறக்கும்.

மொழிபெயர்ப்பு, ஆவணம், சின்ன பக்குகளை (கோளாறுகளை) திருத்துவது, டெஸ்ட் எழுதுவது போன்றவை துண்டு நேரத்துக்குத் தோதான வேலைகள்.

அமெரிக்க, ஐரோப்பிய கிளையன்ட்களோடு கூட்டம் வைப்பது எப்படி?

கொழும்பில் இரவு 9.30 என்பது நல்ல நேரம். குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் 4, நியூயோர்க்கில் காலை 11. கோடையில் இரண்டு இடத்திலும் ஒரு மணித்தியாலம் கூடும். இதே கூட்டத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் போனால் அது நள்ளிரவு 12 ஆகும்; டோக்கியோவில் 1 மணி. கிழக்கே போகும் கிழமைகளில் அமெரிக்கக் கூட்டத்தை முன்கூட்டியே தள்ளிவையுங்கள், அல்லது அவர்களுக்குக் காலை 8 மணியாக மாற்றுங்கள். மேற்கே போகும்போது அந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும்.

பலரும் சறுக்கும் இடம் மார்ச். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் இரண்டு மூன்று கிழமை லண்டன்–நியூயோர்க் இடைவெளி ஐந்துக்குப் பதில் நான்கு மணித்தியாலம். ஒக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடையே மறுபடி ஒரு கிழமை இதே கூத்து. காலண்டர் அழைப்பை எப்போதும் கிளையன்டின் நேர வலயத்தில் உருவாக்குங்கள். அவருக்கு நேரம் மாறாது, உங்களுக்குச் சரியாக மாறிக் காட்டும்.

கோடுக்குள்ளும் அதே கவனம் தேவை. சேர்வர் கடிகாரமும் கால அட்டவணை வேலைகளும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கட்டும். பயனருக்குக் காட்டும்போது "+5.30" என்று எழுதிவைக்காமல் வலயத்தின் பெயரைப் பயன்படுத்துங்கள். இலங்கையே 1996இல் +6.30க்கும் பிறகு +6க்கும் போய், 2006 ஏப்ரல் 15இல்தான் +5.30க்குத் திரும்பியது. பழைய பதிவுகளைக் காட்டும் அப் ஒன்றில் இது உண்மையிலேயே பிழை தரும்.

வெளிநாட்டில் ஓடிபி வராவிட்டால் என்ன செய்வது?

இதை அங்கே போய்த் தீர்க்க முடியாது. இங்கேயே தீர்த்துவிட்டுப் போக வேண்டும்.

விமான நிலையத்தில் வாங்கும் டேட்டா இ-சிம்மில் உங்கள் இலங்கை இலக்கத்துக்கு வரும் எஸ்எம்எஸ் வராது. ஆகவே இலங்கை சிம் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். ரோமிங் இயங்க வேண்டும். அந்த சிம்மின் டேட்டா மட்டும் அணைந்திருக்க வேண்டும். இரட்டை சிம் போனில் குரலும் எஸ்எம்எஸ்ஸும் ஒரு சிம், டேட்டா மற்ற சிம் என்று பிரிக்கலாம். ரோமிங்கை நாட்டை விட்டுப் போவதற்கு முன்பே திறந்துவிடுங்கள், ஏனென்றால் அதைத் திறப்பதற்கே சில வேளை ஓடிபி கேட்பார்கள். ப்ரீபெய்ட் என்றால் திரும்பி வரும் நாள் வரை செல்லுபடியாகும் அளவுக்கு ரீலோட் செய்யுங்கள்.

அடுத்தது, எஸ்எம்எஸ்ஸை நம்பும் கணக்குகளைக் குறைப்பது. கிட்ஹப் (கோட் சேமிக்கும் தளம்), டொமைன் (இணைய முகவரிப் பெயர்) பதிவு, சேர்வர் வாடகை, மின்னஞ்சல் ஆகிய நான்கையும், போனிலேயே குறியீடு உருவாக்கும் ஒதென்டிகேட்டர் அப்புக்கோ கடவுச்சொல்லுக்குப் பதிலான பாஸ்கீக்கோ மாற்றலாம். ஒவ்வொன்றும் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு, ஒரு பிரதி கொழும்பு வீட்டில், ஒரு பிரதி லப்டொப் பையில் இல்லாத வேறு பையில். யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி வாங்கினால் இரண்டாக வாங்குங்கள்; ஒன்றை மட்டும் வாங்குவது பூட்டைக் கூட்டிவிட்டுச் சாவியைக் குறைப்பது.

வங்கி மட்டும் பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸில்தான் நிற்கும். அதனால் பயண நாட்களில் விழும் பெரிய கட்டணங்களை முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லது. டொமைன் முடிகிறது, அட்டை ஓடிபி கேட்கிறது, சிம் வேறு நாட்டு வலையமைப்பைப் பிடிக்கவில்லை என்று மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால் உங்கள் தளமும் மின்னஞ்சலும் ஒன்றாகப் போகும். மின்னஞ்சல் அதே டொமைனில் இருந்தால், டொமைன் நிறுவனம் அனுப்பும் நினைவூட்டல்கூட உங்களுக்கு வராது. டொமைன் கணக்கின் தொடர்பு முகவரியாக அந்த டொமைனையே கொடுக்காதீர்கள்.

வெவ்வேறு வங்கியின் இரண்டு அட்டைகள், ஒன்று வீசா, மற்றது மாஸ்டர்கார்ட். இரண்டிலும் வெளிநாட்டுப் பாவனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பயணத்துக்கு முன் எந்தக் காலாவதிகளைப் பார்க்க வேண்டும்?

திரும்பி வரும் நாளுக்கு 30 நாள் பின்பு வரை ஒரே ஒரு காலண்டரில் இவற்றைப் போடுங்கள்: டொமைன், இணையத்தளச் சான்றிதழ் (லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்குத்தான், தானாகப் புதுப்பிப்பது உண்மையில் ஓடுகிறதா என்று பாருங்கள்), அப்பிள் டெவலப்பர் உறுப்புரிமை (வருடம் 99 டொலர், விட்டுவிட்டால் அப் ஸ்டோரில் இருந்தே மறையும்), டெஸ்ட்ஃப்ளைட் பரிசோதனைப் பதிப்புகள் (90 நாள்), அட்டையின் காலாவதி மாதம்.

எல்லோரும் மறப்பது, வெளிநாட்டவர் என்று காட்ட அமெரிக்க நிறுவனங்களுக்குக் கொடுக்கும் வரிப் படிவமான டபிள்யூ-8பென். கையொப்பமிட்ட வருடத்துக்குப் பின் மூன்றாவது வருடத்தின் டிசம்பர் 31 வரைதான் அது செல்லும். 2023இல் எந்த மாதம் போட்டிருந்தாலும் 2026 டிசம்பர் 31. காலாவதியானால் அமெரிக்க மூல வருமானத்தில் 30 வீதம் பிடிக்க வழி திறக்கும், அல்லது கொடுப்பனவு நிறுத்திவைக்கப்படும்.

லப்டொப் களவு போனால்?

வன்பொருள் போனது பணப் பிரச்சினை மட்டும்தான், பின்வருபவை செய்திருந்தால். வட்டு முழுக்க மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும்: மக்கில் ஃபைல்வோல்ட், விண்டோஸில் பிட்லொக்கர். அதன் மீட்புச் சாவி லப்டொப்புக்கு வெளியே இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை முடிய, அரைகுறையாக இருந்தாலும் ஒரு கிளையில் போட்டு கிட் புஷ் செய்துவிட வேண்டும், அதாவது கோட்டின் பிரதியை இணையத்தில் உள்ள சேமிப்புக்கு அனுப்பிவிட வேண்டும்.

கிட்டில் போகாதவைதான் ஆளை முடக்கும். சூழல் மாறிகள் இருக்கும் கோப்பு, அண்ட்ரொய்ட் கையொப்பச் சாவிக் கோப்பு, சேர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவி. இவற்றை கடவுச்சொல் பெட்டகத்தில் இணைப்பாக வைக்கலாம். பிளே அப் சைனிங் (கையொப்பச் சாவியைக் கூகுளே வைத்திருக்கும் முறை) பயன்படுத்தினால் உங்கள் கையில் இருப்பது பதிவேற்றச் சாவி மட்டுமே; தொலைந்தால் கூகுளிடம் மாற்றித் தரக் கேட்கலாம். அதைப் பயன்படுத்தாத பழைய அப் என்றால், சாவி போனால் அந்த அப்புக்கு இனி அப்டேட் இல்லை, புதிய பெயரில் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். அப்பிள் சான்றிதழ் அவ்வளவு கொடுமை இல்லை, ரத்துசெய்து புதிதாக எடுக்கலாம்.

சோதனை எளிது. பயணத்துக்கு முந்திய கிழமை ஒரு நாள், உங்கள் லப்டொப்பை மூடி வைத்துவிட்டு வீட்டில் இருக்கும் வேறொரு கணினியில் ஒரு சிறு திருத்தம் செய்து சேர்வருக்கு அனுப்பிப் பாருங்கள். எங்கே மாட்டுகிறீர்களோ அதை எழுதுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் பட்டியல். இணையத்தில் கிடைக்கும் எந்தப் பட்டியலும் அதற்கு ஈடில்லை. திருத்த வேண்டிய லப்டொப்பை பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பயணத்துக்கு முதல் நாள் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பற்றரி, கீபோர்ட் எதுவானாலும் இரண்டு கிழமை முன்பே கொடுங்கள்.

வீட்டில் இருந்து போகும் சேர்வருக்கு ஹோட்டலில் இருந்து போக முடியவில்லை. ஏன்?

பெரும்பாலும் தரவுத்தளத்தின் அனுமதிப் பட்டியலில் உங்கள் வீட்டு ஐபி முகவரி மட்டும் இருக்கும். உங்கள் கருவிகளுக்கு மட்டும் ஒரு தனி வலை அமைக்கும் வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் மென்பொருளைப் போட்டு, அந்த வலைக்குள் இருந்து மட்டும் அனுமதியுங்கள். எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே வழி. அடுத்த சந்தேகம் ஹோட்டல் வைஃபை எஸ்எஸ்எச் வாசலை (போர்ட்டை) மூடியிருப்பது. போனின் ஹொட்ஸ்பொட்டில் முயன்றால் தெரிந்துவிடும்.

ரயிலில், கஃபேயில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மொஷ் பயன்படுத்துங்கள். வைஃபையில் இருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அதே அமர்வு தொடரும். சேர்வரில் யூடிபி 60000 முதல் 61000 வரையான வாசல்களைத் திறக்க வேண்டும். திறக்காமல் விட்டுவிட்டு மொஷ் வேலை செய்யவில்லை என்பது வழக்கமான முறைப்பாடு. நீண்ட கட்டளைகளை, இணைப்பு அறுந்தாலும் அவற்றைத் தொடரவிடும் டிமக்ஸுக்குள் ஓடவிடுங்கள்.

சீனா, துபாய் போனால்?

சீனப் பெருநிலத்தில் கூகுள் சேவைகள் எதுவும் திறக்காது. மின்னஞ்சல், டிரைவ் மட்டுமல்ல, கூகுள் உள்நுழைவு கேட்கும் மற்றத் தளங்களும் சிக்கும். கிட்ஹப் திறந்தாலும் இழுபறி. வெளிநாட்டு சிம்மின் ரோமிங் டேட்டா வழமையாகச் சொந்த நாட்டு வலையமைப்பு வழியே போவதால் இந்தத் தடை படுவதில்லை. அங்கே உள்ளூர் சிம்மைவிட ரோமிங் பொருந்துவது அதனால்தான். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வட்ஸ்அப் குரல் அழைப்பு வேலை செய்யாது. கிளையன்டுடன் பேச சூம் அல்லது டீம்ஸ் என்று முன்பே ஒழுங்கு செய்யுங்கள்.

இணையம் இல்லாத நேரத்துக்கு என்ன இறக்கி வைக்க வேண்டும்?

திட்டம் பயன்படுத்தும் எல்லாப் பொதிகளையும் (வெளி நூலகங்களையும்) ஒரு தடவை நிறுவி, வைஃபையை அணைத்துவிட்டு முழுதாகக் கட்டிப் பாருங்கள். ஏதோ ஒன்று வலையைத் தேடும். அதை அப்போது பிடிக்கலாம். டொக்கர் படிமங்களை முன்பே இழுத்து வைக்க வேண்டும். ஆவணங்களை இணையமின்றிப் படிக்க டெவ்டொக்ஸ் அல்லது ஸீல். அப்பிளின் எக்ஸ்கோட் கருவியையோ இயங்குதளத்தையோ பயணத்துக்கு முதல் நாள் அப்டேட் செய்யாதீர்கள்: பல கிகாபைட் இறக்கம், பிறகு சிமுலேட்டர் தனியாக, பிறகு ஏதோ ஒரு நூலகம் ஒத்துவராது.

வேலைக் கடிதம் இல்லை. சொந்தத் தொழில் என்று சொல்லி விசா எடுப்பது எப்படி?

விசா அதிகாரி பார்ப்பது இரண்டு விடயம். இந்த ஆளுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது, திரும்பி வர என்ன காரணம் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு ஒரே கடிதத்தில் முடிவதை நீங்கள் ஒரு கட்டாகக் காட்ட வேண்டும்.

முதலில் வியாபாரப் பெயர்ப் பதிவு. தனியுரிமைத் தொழில் என்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் செய்யலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்கு அது திம்பிரிகஸ்யாய. தனியார் கம்பனி என்றால் கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் ஒன்லைனில். அதோடு ஆறு மாத வங்கிக் கூற்று, நடப்பில் உள்ள ஒப்பந்தங்கள், விலைப்பட்டியல்கள், அப்பிள், கூகுள் அல்லது பேயோனியர் (வெளிநாட்டுக் காசு வாங்கித் தரும் சேவை) கொடுப்பனவு அறிக்கைகள், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுத்த வரி விபரத்திரட்டு. விலைப்பட்டியலில் உள்ள தொகை வங்கிக் கூற்றில் எந்தத் திகதியில் வந்தது என்று பென்சிலால் இணைத்துக் காட்டுங்கள். கடைசிக் கிழமையில் யாரிடமோ கடன் வாங்கிப் போட்ட பெரிய தொகை உதவாது, சந்தேகத்தைத்தான் கூட்டும்.

ஷெங்கன் விசாவுக்கு (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம்) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பு முதல் விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். கட்டணம் 2024 ஜூனில் இருந்து 90 யூரோ. காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. தீர்மானத்துக்கு வழமையாக 15 நாள், 45 வரை போகலாம். அந்த நாட்களில் கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்காது என்பதுதான் அடிக்கடி பயணம் செய்பவரின் உண்மையான தலையிடி. சென்னைக்கு ஒரு கூட்டம், சிங்கப்பூருக்கு ஒரு மாநாடு என்று நடுவில் செருகாதீர்கள்.

இரண்டு வருடத்துக்குள் மூன்று ஷெங்கன் விசாக்களைப் பிழையில்லாமல் பயன்படுத்தியிருந்தால் ஒரு வருடப் பலமுறை விசாவும், அதன் பின் இரண்டு வருடம், பிறகு ஐந்து வருடம் என்றும் கேட்க விதி இடம் தருகிறது. பழைய கடவுச்சீட்டுகளை எறியாதீர்கள். அவைதான் அதற்குச் சாட்சி. சிங்கப்பூருக்கு குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை, வருகைக்கு முந்திய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை ஒன்லைனில் நிரப்பினால் போதும்.

90/180 நாள் கணக்கு எப்படிப் பார்ப்பது?

எந்த நாளில் நின்று பார்த்தாலும், அன்றையதோடு சேர்த்துப் பின்னோக்கி 180 நாளில் ஷெங்கனுக்குள் இருந்தது 90ஐத் தாண்டக் கூடாது. உள்ளே போன நாளும் வெளியே வந்த நாளும் இரண்டும் எண்ணப்படும். ஜனவரி 10 முதல் பெப்ரவரி 8 வரை 30 நாள், மே 1 முதல் 30 வரை 30 நாள் இருந்தால் மிச்சம் 30. ஜனவரி 10ஆம் திகதி கணக்கில் இருந்து கழிவது ஜூலை 9இல். அதன் பின் ஒவ்வொரு நாளாகத் திரும்பக் கிடைக்கும். விசா ஒட்டியில் தங்கும் நாள் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும். 2025 ஒக்டோபர் 12இல் தொடங்கிய புதிய நுழைவு–வெளியேற்ற முறை நாட்களைக் கணினியிலேயே எண்ணுகிறது. முத்திரை மங்கலாக இருந்தது என்று சொல்லித் தப்புகிற காலம் போய்விட்டது.

ஐரோப்பா வழியாக விமானம் மாறினால் விசா வேண்டுமா?

வேண்டும். மலிவு டிக்கட்டில் பலர் மாட்டுவது இதில்தான். ஷெங்கன் நாடுகள் அனைத்தும் விமான நிலைய இடைமாறல் விசா கேட்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. கொழும்பில் இருந்து பிராங்க்பேர்ட் வழியாக பிரேசில் போகிறவர், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அந்த விசா எடுக்க வேண்டும். செல்லுபடியான அமெரிக்க, கனடா, ஜப்பான் விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. தனித்தனி டிக்கட் இரண்டு வாங்கி, நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால் அது இடைமாறலே இல்லை, உள்நுழைவு. முழு விசா வேண்டும். சந்தேகம் இருந்தால் தோஹா, துபாய், சிங்கப்பூர் வழியே போங்கள்.

சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு கோட் எழுதலாமா?

நாட்டுக்கு நாடு வேறு. பிரித்தானியா 2024 ஜனவரி 31 முதல் இதை வெளிப்படையாக அனுமதித்திருக்கிறது: வெளிநாட்டு வேலையைத் தொலைவில் இருந்து செய்யலாம், ஆனால் வந்த முதன்மை நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது. பல நாடுகளின் சட்டம் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. எங்கேயும் தடையாக இருப்பது அந்நாட்டு ஆட்களுக்கு, அந்நாட்டுக் காசுக்கு வேலை செய்வது. குடிவரவு மேசையில் "என்ன வேலை" என்று கேட்டால் மென்பொருள் செய்கிறேன் என்று நேரே சொல்லுங்கள். "எதற்கு வந்தீர்கள்" என்பதற்கு வந்த காரணத்தைச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்து "வேலை செய்ய வந்தேன்" என்று உளறினால் விளக்கம் நீளும்.

நீண்ட காலம் தங்க வேண்டுமானால் அதற்கென்றே உள்ள விசாக்கள் இருக்கின்றன. தாய்லாந்தின் டிடிவி 2024இல் வந்தது. 5 இலட்சம் பாத் சேமிப்புக் காட்ட வேண்டும், ஐந்து வருடம் செல்லும், ஒரு தடவைக்கு 180 நாள். மலேசியாவின் டிஈ ரந்தாவ் தொழில்நுட்பத் துறையினரிடம் வருடம் 24,000 டொலர் வருமானம் கேட்கிறது. ஜப்பானின் நோமாட் விசா இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் திறக்கவில்லை.

காசு எப்படி வாங்குவது? ஸ்ட்ரைப், பேபால் இரண்டுமே சரிவரவில்லையே?

அட்டைக் கொடுப்பனவுகளை வாங்கித் தரும் ஸ்ட்ரைப், இலங்கைத் தொழிலுக்கு நேரடியாகக் கணக்குத் திறப்பதில்லை. இலங்கை பேபால் கணக்கில் இருந்து காசு போகும், உள்ளே வருவதில்லை என்பது நீண்ட காலத் துன்பம். அதனால் ஒப்பந்த வேலைக்கு நேரடி வங்கிப் பரிமாற்றம் அல்லது பேயோனியர். மென்பொருள் விற்பனைக்கு பாடில், லெமன் ஸ்குவீசி போன்ற இடை விற்பனையாளர். இவர்கள் ஒரு விற்பனைக்கு 5 வீதமும் 50 அமெரிக்கச் சதமும் எடுப்பார்கள், பதிலுக்கு நாடுநாடாக விற்பனை வரியைத் தாங்களே கட்டுவார்கள். தனி ஆளுக்கு அது நல்ல பேரம்.

ஸ்ட்ரைப் வேண்டும் என்பதற்காக அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் எல்எல்சி (ஒருவகைக் கம்பனி) திறப்பது இங்கே ஒரு நாகரிகமாகிவிட்டது. திறப்பவர்கள் சொல்லாமல் விடுவது: வெளிநாட்டவர் ஒருவருக்கே சொந்தமான எல்எல்சி வருடந்தோறும் 5472 என்ற படிவம் கொடுக்க வேண்டும், விட்டால் தண்டம் 25,000 டொலர். மாநிலத்துக்கு ஜூன் 1க்குள் வருடம் 300 டொலர் வேறு. மாதம் சில நூறு டொலர் வரும் அப்புக்கு இந்தச் சுமை பெறுமதியில்லை.

பயணத்தில் இருக்கும்போது பணக் கணக்குகளில் விபிஎன் போட்டு நுழையாதீர்கள். நேற்று சிங்கப்பூர், இன்று நெதர்லாந்து என்று தெரிந்தால் கணக்கு சோதனைக்காகப் பூட்டப்படும்.

வரி?

2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டில் பயன்படும் சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வாங்கி, வங்கி வழியாக இலங்கைக்குக் கொண்டுவரும் வருமானத்துக்கு உச்ச வீதம் 15. வரி இல்லாத தனிநபர் விடுப்பு வருடம் 18 இலட்சம் ரூபா. உதாரணமாக வருட நிகர வருமானம் 48 இலட்சம் என்றால் வரிக்குரியது 30 இலட்சம்; முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அது 60,000; மிச்ச 20 இலட்சத்துக்கு 15 வீதம், 300,000. மொத்தம் 360,000 ரூபா.

"வங்கி வழியாக இலங்கைக்கு" என்ற நிபந்தனையைப் பயணக்காரர் இரண்டு தடவை படிக்க வேண்டும். பேயோனியர் மீதியை அங்கேயே அட்டையில் தேய்த்து ஹோட்டலும் டிக்கட்டும் கட்டினால் அந்தப் பணம் நாட்டுக்குள் வரவே இல்லை. அதற்கு இந்தச் சலுகை வீதத்தைக் கேட்பது கடினம். முழுவதையும் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்குக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து செலவு செய்தால் கணக்கும் சுத்தம், விசாவுக்குக் காட்டவும் நல்லது.

காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. விபரத்திரட்டு நவம்பர் 30. ஐந்தையும் விமான டிக்கட் எடுப்பதற்கு முன் காலண்டரில் போட்டுவிடுங்கள். அடிக்கடி வெளியே இருப்பதால் வரி இல்லை என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 183 நாள் இங்கே இருந்தால் நீங்கள் வதிவாளர்தான். மறுபக்கம், வேறொரு நாட்டில் அதே அளவு நாள் தங்கினால் அங்கேயும் வரிக் கேள்வி எழும்.

நான் விமானத்தில் இருக்கும்போது சேர்வர் விழுந்தால் யார் பார்ப்பது?

லண்டனுக்கு நேர் விமானம் பதினொரு மணித்தியாலம். அந்த நேரத்துக்கு ஒரு நண்பர் போதும், தொழிலாளி வேண்டாம். அவருக்கு முழுச் சாவியைக் கொடுக்காதீர்கள். சேர்வரை மீளத் தொடங்கும் உரிமை, அம்சச் சுவிட்சை அணைக்கும் உரிமை, அப் ஸ்டோர் கனெக்டில் வெளியீட்டை நிறுத்தும் உரிமை, இவ்வளவும் போதும். ஒரு பக்கத் தாளில்: எந்த அறிவிப்பு வந்தால் எதை அழுத்துவது, எதைத் தொடவே கூடாது, பயனர்களுக்கு என்ன வசனம் போடுவது. நீங்கள் போனால் அவரும், அவர் போனால் நீங்களும் என்று மாறிமாறிச் செய்தால் செலவும் இல்லை.

ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேருங்கள்: "முன்னறிவித்த பயண நாட்களில் பதில் 24 மணித்தியாலத்துக்குள், சேவை முற்றாக நின்றால் மட்டும் 4 மணித்தியாலத்துக்குள்." முன்பே எழுதினால் யாரும் மறுப்பதில்லை. நடுவில் கேட்டால்தான் முகம் கோணும்.

பவர் பாங்க், பிளக்?

பவர் பாங்க் கைப்பையில் மட்டும், பெட்டிக்குள் போட்டால் எடுத்துவிடுவார்கள். 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். மில்லிஅம்பியர்-அவரை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட்-அவர்: 20,000 என்றால் 74, பிரச்சினை இல்லை, 30,000 என்றால் 111, கேட்க வேண்டும். மேலே எழுத்து அழிந்த பழைய பவர் பாங்கை அளவு தெரியவில்லை என்று சொல்லியே பறிப்பார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எமிரேட்ஸும் 2025இல் இருந்து விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே விடுவதில்லை, ஆகவே ஏறும் முன் லப்டொப்பை நிரப்புங்கள்.

நமது சதுர மூன்று கால் பிளக் சிங்கப்பூர், மலேசியா, பிரித்தானியா, துபாயில் அப்படியே பொருந்தும். ஐரோப்பாவுக்கு வட்ட இரண்டு கால், ஜப்பானுக்குத் தட்டை இரண்டு கால். ஜப்பானில் 100 வோல்ட். லப்டொப் சார்ஜரில் 100–240 என்று இருந்தால் வோல்ட் மாற்றும் கருவி வேண்டாம், பிளக் அடப்டர் மட்டும் போதும். நான்கு வாசல் உள்ள 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் ஒன்று இருந்தால் அடப்டரும் ஒன்றே போதும்.